இலையில் இருக்கிற ஊர் வரலாறு



கடற்கரை ஊர்களில் உணவகம் நடத்தும் குழுக்கள் நம்மில் நிறைய உண்டு. "எங்க கடைக்குன்னு என்ன தனிச்சிறப்பு?" என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. பதிலைத் தூத்துக்குடி மீன் சாப்பாட்டிலேயே பார்க்கலாம்.

முதலில் உப்பு. நெய்தல் நிலப் பெண்கள் உப்பைக் கூவி விற்று, அதற்கு ஈடாக நெல் வாங்கியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வியாபாரம் நமக்குப் புதுசு இல்லை! இன்றும் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களில் விளைகிறது. அங்கே வெயிலில் உழைப்பவர்களில் ஏராளமானோர் பெண்களே.

அடுத்து, குழம்பின் சிவப்பு. 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது நம்மிடம் மிளகாயே கிடையாது, காரத்துக்கு மிளகுதான். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். முத்துக்குளிக்கும் இந்தக் கரைக்கும் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பிரேசிலிலிருந்து முந்திரியும் அவர்களோடு வந்தது. வெளிநாட்டில் பாதாம் போட்டுச் செய்கிற மக்ரூனை, நம்ம ஊர் பேக்கரிக்காரர்கள் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தூத்துக்குடிப் பண்டமாகவே மாற்றிவிட்டார்கள்.

வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வத்தலோடு நம்ம புளியும் தேங்காயும் சேர்த்து அரைத்தோம். உணவுக்குப் பின் கருப்பட்டிக் காப்பி. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்னொன்று கருவாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது அடுப்பு அணையாமல் காத்தது, பெண்கள் உப்பிட்டுக் காயவைத்த கருவாடும் நாட்டுப்படகில் வரும் சிறு மீனும்தான். அதனால் கருவாட்டுக் குழம்பை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்க வேண்டாம். பட்டியலில் அதை முதலில் எழுதுங்கள்.

வெளியூர் ஐஸ் மீனும் பாக்கெட் மசாலாவும் போட்டால் வேலை குறையும், உண்மைதான். ஆனா அந்த ருசி எந்த ஊரிலும் கிடைக்குமே! அதுக்கு நம்ம கடையைத் தேடி யாரு வருவா?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஊரில் மூத்த அம்மா ஒருவரை அழைத்து உட்காரவைத்து, எந்த மீனுக்கு எந்த அரைப்பு, எந்த மாசம் எந்த மீன் ருசி என்று கேளுங்கள். சொல்வதைத் தீர்மான நோட்டிலேயே எழுதி வையுங்கள். கடன் கணக்கைப் போலவே அதுவும் நம் குழுவின் சொத்து.