துருப்பிடித்த வாள் துண்டு எப்படிச் சாட்சியாகிறது?

மண்ணிலிருந்து வெளிவரும் உடைந்த இரும்பு வாளா, அரிவாளா, வண்டியின் பாகமா என்பதைக்கூடத் துரு மறைத்துவிடும். ஐரோப்பாவின் மத்தியகால வாள்களை ஆய்வாளர்கள் எவ்வாறு அடையாளம் காண்கிறார்கள் என்பதை அறிந்தால், நூதனசாலையில் எழுதப்பட்டிருப்பதை எந்தளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

வடிவம்

இருபுறக் கூர், அலகின் நடுவே ஓடும் பள்ளம், கைப்பிடிக்குள் செல்லும் ஒடுங்கிய வால் ஆகியவையே முதல் தடயங்கள். அந்தப் பள்ளம் இரத்தம் வடிவதற்கானது என்பது கட்டுக்கதை. வலிமையைப் பெரிதாகக் குறைக்காமல் எடையைக் குறைப்பதே அதன் வேலை.

1919இல் நோர்வேயின் யான் பீட்டர்சன் வைக்கிங் கால வாள்களைக் கைப்பிடி வடிவத்தால் வகைப்படுத்தினார். 1960இல் இங்கிலாந்தின் எவார்ட் ஓக்ஷொட், அதற்குப் பிந்திய வாள்களை முக்கியமாக அலகின் வடிவத்தால் பிரித்தார். அகன்ற பள்ளமுள்ள தட்டையான அலகுகள் பொதுவாக முந்தியவை. தகட்டுக் கவசம் பரவிய 14ஆம் நூற்றாண்டில், குத்துவதற்கேற்ற கூர்நுனி அலகுகள் பெருகின. ஆனால் பழைய அலகுக்குப் புதிய கைப்பிடி பூட்டுவதும் உண்டு என்பதால், வடிவம் மட்டும் போதாது.

துருவுக்கு அடியில்

துருவைச் சுரண்டுவதற்கு முன் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார்கள். அலகில் பதித்த எழுத்துகள் அதில்தான் தெரியவரும். 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் 9ஆம் முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான பல வாள்களில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே அது ஒரு தனிக் கொல்லனின் கையொப்பமாக இருக்க முடியாது.

உருக்கிலுள்ள காபனைக் கொண்டும் காலம் கணிக்கலாம். ஆனால் உருக்கும்போது பழைய மரத்தின் கரி பயன்பட்டிருந்தால் விடை உண்மையைவிடப் பழையதாக வரும். வாள் கிடந்த மண்படையும் கூடவே கிடந்த பொருட்களுமே வலுவான சாட்சி. தோண்டி விற்றால் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

இலங்கைத் தொடர்பு

9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்கள் பற்றிய தமது நூலில் சரந்தீபு உருக்கைக் குறிப்பிடுகிறார். சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றால் இயங்கிய இரும்பு உருக்கு உலைகளை ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார்.

காட்சிப் பேழை

இரும்பினுள் குளோரைட்டு உப்பு எஞ்சியிருந்தால் பேழைக்குள்ளும் துரு தொடரும். எனவே காரக் கரைசலில் உப்பை அகற்றி, ஈரப்பதனை 20 சதவீதத்துக்கும் கீழே வைத்திருக்க முயல்கிறார்கள். பின்னால் முழு வாளின் கோட்டுருவம் வரைந்தால் துண்டின் இடம் புரியும். அருகிலுள்ள விளக்கத்தில், உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். உரியவர் தெரியாத வாளுக்கு ஓர் அரசனின் பெயரைச் சூட்டுவது வரலாறல்ல.

நமது நிலத்தில்

வடக்கு கிழக்கில் மண்ணுக்குள் தெரியும் இரும்பு வெடிபொருளாகவும் இருக்கலாம். தொடாதீர்கள், தோண்டாதீர்கள். தூர நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். தொல்பொருள் என உறுதியானால், கிடைத்த இடம், திகதி, படங்கள் ஆகியவற்றின் ஒரு பிரதியை ஊரிலும் வைத்திருங்கள். பொருள் வேறிடம் போனாலும், அது எங்கிருந்து வந்தது என்ற பதிவு உங்களிடம் இருக்கும்.