சுவர், ஆணி, படம்: பழவேற்காட்டுக் குப்பங்களின் வீட்டு வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

நம்மிடம் வீட்டின் வரலாறு என்று இருப்பது பெரும்பாலும் கூரையின் வரலாறுதான். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு படி மேலே போய், சுவர் எதனால் ஆனது என்று கேட்கும். அந்தச் சுவரில் யாருடைய முகம் தொங்குகிறது, அது எப்படி நிற்கிறது என்பதை அதுவும் கேட்பதில்லை. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நினைவைச் சுவரிலும் கல்லிலும் ஏற்றிவைக்கும் உரிமை இங்கே முதலில் யாரிடம் இருந்தது? 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த கெல்திரியா கோட்டை இன்று புதர் மூடிய இடிபாடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள். உள்ளே பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள். அதே 17-ஆம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

சுவருக்கு வேண்டிய பொருளோ இந்த ஏரிக்குள்ளேயே கிடந்தது. அடியில் படிந்த கிளிஞ்சலைத் தோண்டி, காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. பளிங்கு மாதிரி மின்னிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். 1878-ல் பக்கிங்காம் என்று பெயர் சூட்டப்பட்ட கால்வாய் வழியே இந்தப் பக்கத்துக் கிளிஞ்சலும் ஸ்ரீஹரிகோட்டா விறகும் பட்டணம் போயின. கிளிஞ்சல் அள்ளியவர்கள் மண்சுவரிலும் ஓலைத் தட்டியிலும் குடியிருந்தார்கள். பிறருடைய சுவருக்கு மூலப்பொருள் தந்தவர்களுக்குச் சொந்தச் சுவர் இல்லை என்பது தற்செயல் அல்ல. அது ஓர் உற்பத்தி உறவு.

படம் பின்னால் வந்தது. 1894-ல் பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சகம் தெய்வங்களைத் தாளில் இறக்கியது. பிறகு கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசிக் காலண்டர்களாகிக் குடிசைவரை போய்ச் சேர்ந்தன. மாதாவும் முருகனும் எம்.ஜி.ஆரும், அம்பேத்கரும், ஸ்டூடியோவில் எடுத்த அப்பாவின் முகமும் வீட்டுக்குள் வந்தன. குடிசைக்காரர்கள் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டினார்கள். கண்ணாடி போட்ட படத்தை வாரையிலோ நடுக்காலிலோ கட்டினார்கள்.

'கட்டினார்கள்' என்ற சொல்லை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். குடிசையில் படம் கட்டப்படுகிறது. கல்வீட்டில்தான் படம் 'மாட்ட'ப்படுகிறது. முடிச்சு மீனவருடைய சொந்த அறிவு. வலை, தோணி, கூரை எல்லாம் முடிச்சில் நிற்பவை. படமும் அந்த அறிவுக்குள்தான் இருந்தது. வெளியாள் யாரும் தேவைப்படவில்லை.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இது மாறியது. கல்வீடுகள் அதற்கு முன்பும் உண்டுதான். ஆனால் சுனாமி மறுவாழ்வு சுவரை மொத்தமாகக் கொண்டுவந்தது. 2005 மார்ச் 30 தேதியிட்ட 172-ஆம் எண் அரசாணை 300 முதல் 325 சதுர அடி வீடு, சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை என்றது. 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கப் புறப்பட்டது. இவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஓலை எரியும், காற்றில் பறக்கும் என்பதை அதில் குடியிருந்தவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அப்படி ஒரு வீட்டில் ஓர் அக்கா, கணவர் படத்தை பீரோமேல் சாய்த்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "செவுத்துல ஆணி எறங்கல தம்பி. அடிச்சா எகிறுது, பூச்சுதான் பேந்து வருது. அதுவுமில்லாம, கவருமெண்டு குட்த்த வூடு, ஓட்ட போட்டா ஏதாவது சொல்லுவாங்களோன்னு ஒரு பயம்."

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது சுவரின் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சும் மண்சுவரும் ஆணிக்கு இளகிக் கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது. மேலே இருப்பது அரை அங்குலப் பூச்சு. அது எடை தாங்காது. தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் செங்கல். முன்பு உளியால் குழி எடுத்து மரக்கட்டை அடித்து, அதில் திருகாணி ஏற்றினார்கள். 1911 வாக்கில் லண்டனில் ஜான் ராவ்லிங்ஸ் என்பவர், பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவர்களை அதிகம் பெயர்க்காமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காகச் சணல் நாரில் ஒரு சிறு குழல் செய்தார். வங்காளத்தில் விளைந்த சணல், உலகத்தை அள்ளிக்கொண்டு வந்து வைத்திருந்த கட்டடத்தின் சுவரைக் காப்பாற்றியது! 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே நம் கடற்கரையில் பருத்தி வலையை நைலான் வலை தள்ளிவிட்டது. வலைக்கு வந்த நைலான் குப்பத்துச் சுவருக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இன்று செய்ய வேண்டியது எளிது. சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடம் ஆகாது. ஸ்விட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒயர் போகலாம், தொடக் கூடாது. 6 மி.மீ. பிட்டைக் கொண்டு பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும்படி துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, பிளாஸ்டிக் பிளக்கைச் செருகித் திருகாணி ஏற்ற வேண்டும். பெரிய படத்துக்கு இரண்டு இடம். ஏரிக் காற்றில் உப்பு. சாதா இரும்பு துருப்பிடித்துப் பருத்துச் சுவரையே வெடிக்க வைக்கும். ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் பித்தளை. படத்தின் பின்னால் கட்டத் தங்கூஸ் வீட்டிலேயே இருக்கும். அங்கே பழைய முடிச்சு மறுபடி வேலைக்கு வருகிறது.

இரண்டாவது, அந்தப் பயம். ஆணையில் அவர் உரிமையாளர். சுவருக்கு முன்னால் இன்னும் பயனாளி. கொடுத்தவனின் பெயர் வாசலில் பலகையாக ஏறிவிடுகிறது, அதற்குத் துளை போட யாரும் யாரிடமும் கேட்பதில்லை. செத்துப்போன கணவனின் முகத்துக்கு மட்டும் அனுமதி தேவைப்படுவதுபோலத் தோன்றிவிடுகிறது. பட்டாவுக்காகப் போராடும் நண்பர்கள் இதைச் சில்லறை விஷயம் என்று நினைக்கக் கூடாது. காகிதத்தில் இருக்கும் உரிமை கைக்கு வந்ததா என்பதை இங்கேதான் பார்க்க முடியும். குப்பத்துக்கு ஒரு ட்ரில் மெஷின் பொதுவில் இருக்கட்டும். அதைப் பெண்கள் பிடிக்கக் கற்கட்டும். கூட்டத்தில் நாம் பேசுவதை அதற்கப்புறம் பேசலாம்.