முதனையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு

“போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்” என்று அம்மா பெருமையாகச் சொல்வார். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. பெண்ணாகப் பிறந்தவள் ஏறக் கூடாத படி அது என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தை முதன்முதலில் பார்த்தபோது அந்தப் படியின் உயரம் புரிந்தது. நீதிமன்றம் 1862இல் தொடங்கப்பட்டது. இப்போதுள்ள சிவப்புக் கட்டடம் எழுந்தது 1888 முதல் 1892 வரை. பிராஸிங்டன் வரைந்த திட்டத்தை ஹென்றி இர்வின் திருத்தி முடித்தார். கட்டிக் கொடுத்தவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி. இந்தோ-சாரசனிக் பாணி: வெங்காயக் குமிழ் போன்ற கவிகைகள், மினார்கள், நீண்ட தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல்கள். வருகிறவரை முதலில் சிறியவராக்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது அந்தக் கட்டடம். அதன் உயரமான கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. கடலில் வந்த கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு அது.

தரை வழியாக வந்த பெண்களுக்கு வழி அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. இந்தியாவில் பெண்கள் வழக்குரைஞராவதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டம் 1923இல்தான் வந்தது. அதுவரை 31 ஆண்டுகள் பெண்கள் இந்தக் கட்டடத்துக்குள் கட்சிக்காரராகவோ சாட்சியாகவோ குற்றம் சாட்டப்பட்டவராகவோ வரலாம்; கறுப்பு அங்கியோடு வர முடியாது. முதல் பெண் தலைமை நீதிபதியாகக் காந்தா குமாரி பட்நாகர் பொறுப்பேற்றது 1992இல். கட்டடத்துக்கு அப்போது வயது நூறு.

அதற்கு அடுத்த ஆண்டு, 1993 மார்ச்சில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள முதனை கிராமத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். மனைவி பார்வதி சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது கணவர் அடிபட்டுக் கிடந்ததைக் கண்டார். பிறகு, அவர் தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. பார்வதி நம்பவில்லை. மார்க்சிஸ்ட் தோழர்கள் துணை நிற்க, வழக்கறிஞர் சந்துரு வழியாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்.

ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவர், அவரை நீதிபதியின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. அதை எழுதித் தர வழக்கறிஞர் இருந்தார். ஆனால் ‘என் ஆள் எங்கே?’ என்ற கேள்வி பார்வதியுடையது. ராஜாக்கண்ணு காவலில் அடித்தே கொல்லப்பட்டிருந்தார். போலீஸார் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006இல். பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கேள்வியைப் பார்வதி கீழே போடவில்லை.

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. தேர்க்காலில் மகனைப் பலி கொடுத்த அரசனின் நீதியைப் பற்றித்தான் பாடப் புத்தகத்தில் படித்தோம். அந்தக் கதையில் ஆராய்ச்சி மணியை இழுத்தது கன்றைப் பறிகொடுத்த பசு. மணி அடிக்காமல் இருந்திருந்தால் அரசனின் நீதிக்கு வேலையே இருந்திருக்காது.

2021இல் ‘ஜெய் பீம்’ படத்தை அம்மாவோடு பார்த்தேன். முடிந்ததும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “முதனை நம்ம பக்கத்து ஊருதானே? அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே” என்றார்.

1993இல் நாங்கள் வட்டத்துக்கு வட்டம் தெருவிளக்கு எரியும் டவுன்ஷிப்பில்தான் இருந்தோம். சம்பளமும் குவார்ட்டர்ஸும் இருந்ததால் எங்கள் வீட்டுக் கதவை எந்தப் போலீஸும் தட்டவில்லை. படி ஏறாதது எங்கள் ஒழுக்கத்தால் அல்ல. ஏற வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா அந்தப் பெருமையைச் சொல்வதில்லை.