விழியின் குற்றமா? ஏட்டின் குற்றமா?

திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண்ணொளி இழந்தார்! பெரியபுராணம் கூறும் சுந்தரர் கதை இது. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தவர் சொல் தவறினார். இறைவன் பார்வையைப் பறித்தான். பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணுமாகத் தவணை முறையில் திருப்பித் தந்தானாம்! கதை சுவையானது, அது ஊன்றிய கருத்தோ கொடியது. பார்வையின்மை பாவத்துக்குக் கிடைத்த தண்டனையென்றால், அந்தத் துயரைத் துடைக்கச் சமுதாயம் ஏன் விரல் அசைக்கப் போகிறது?

அதே திருவொற்றியூர்க் கோயிலில் வடமொழி இலக்கணம் பயிற்றுவதற்கென மண்டபம் இருந்ததையும், அதற்குக் கொடை வழங்கப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. உழுதவன் விளைத்த நெல் உள்ளே சென்றது. உழுதவன் மகன் உள்ளே சென்றானா? கண்ணிருந்தும் அவனுக்கு எழுத்து இல்லை. ஆக, எழுத்தை மறைப்பது விழியன்று. வழியை அடைத்தவர் செயல்!

1856இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி புறப்பட்டது. அடுத்த ஆண்டு, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. வண்டியில் எவரும் சீட்டு வாங்கி ஏறலாம். பல்கலைக்கழகத்தில் அப்படி ஏற முடிந்ததா? 1916இல் பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கையை வெளியிட்ட தியாகராயர், இந்த வடசென்னை வண்ணாரப்பேட்டையின் மைந்தர். அன்று தட்டத் தொடங்கிய பிறகே கதவுகள் திறந்தன.

விழியிழந்தோருக்குக் கதவு திறந்தது எது? அருளா? இல்லை, அறிவு! பிரான்சு நாட்டில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகன் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் தோல் துளைக்கும் ஊசி கண்ணைக் குத்தியதால் பார்வை இழந்தான். பதினைந்து வயதில், 1824இல், ஆறு புள்ளிகளால் விரல் படிக்கும் எழுத்தை அமைத்தான். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கல்வி தரத் தொடங்கினார். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் முறை உருவாயிற்று. 2006இல் ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன், கணினித் திரையைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருளை உருவாக்க முனைந்தார். அது தமிழையும் படிக்கிறது.

பிறகென்ன குறை? எண்ணூரில் மின்தொடர் ஏறிச் சேப்பாக்கம் சேர்கிறான் பார்வையற்ற மாணவன் ஒருவன் என்று கொள்வோம். பாடம் கணினியில் இருக்கிறது. ஆனால் அது எழுத்தன்று, எழுத்தின் நிழற்படம்! கருவி மௌனம் சாதிக்கிறது. வேறொரு பாடம் பழைய எழுத்துருவில் இருக்கிறது. திரையில் 'அம்மா' என்று தெரிகிறது. உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்துகளின் கலவை. கருவி அதை உளறலாக ஒலிக்கிறது. 1991இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. வழி தெரிந்தும் பழைய தடத்திலேயே நடப்பது யார் குற்றம்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மின்னணு வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. இடம் தந்துவிட்டு ஏட்டை மறுப்பது, பந்தியில் அமர்த்தி இலையைப் பறிப்பதல்லவா?

தோழர்களே! பிறரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பலாமா? 1925இல் தொடங்கிய 'குடி அரசு' முதலாக நம் ஏடுகளின் பக்கங்களைப் படமெடுத்துப் பரப்பி மகிழ்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் கரும்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து, பாடம் அனுப்பிவிட்டதாக நிறைவடைகிறோம். செய்ய வேண்டியவை மலையைப் பிளக்கும் வேலையல்ல. ஒருங்குறியில் தட்டெழுதுவோம், தலைப்புகளைத் தலைப்பென்றே குறிப்போம், படத்துக்குச் சொல்லால் விளக்கம் தருவோம், படமாக்கிய பழைய ஏட்டை எழுத்தாக மாற்றி, பிழை திருத்தி வெளியிடுவோம். ஓய்வுநேரத்தில் மன்றத்துக்கு ஒரு நூல் போதும். படிப்பகங்கள் பெருகிய இந்த மண்ணில் இது முடியாததா?

பார்வை திரும்பும் நாளை எண்ணிச் சுந்தரர் கோயில் கோயிலாக நடந்தாராம். நம் மாணவன் நம்மிடம் கண்ணைக் கேட்கவில்லை, எழுத்தைத்தான் கேட்கிறான். அது நம் கையில் இருக்கிறது. கொடுப்போம்!