ரொட்டி பெங்காலி: ஒரு பெயரின் வரலாறு

செபராங் பிறையின் சிற்றூர்களில் வளர்ந்தோர்க்குக் காலையில் பசியாறுவது என்றால் பெரும்பாலும் ரொட்டிக் கடையில்தான். பாடநூல்கள் காலையுணவு என எழுதினாலும், பசியாறுதல் என்பதே இந்நாட்டுத் தமிழரின் வழக்கு. கரியடுப்பில் வாட்டிய தடித்த ரொட்டித்துண்டு, அதன்மேல் வெண்ணெயும் காயாவும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு, பால் சேராத கோப்பி. நண்பகலில் அதே கடையில் அதே ரொட்டி வேறு கோலம் கொள்ளும். வாட்டாமல் பிய்த்து, ஆட்டிறைச்சிக் குழம்பில் ஊற வைத்து உண்பர். மேல்தோல் முறுகலாகவும் உள்ளே பஞ்சு போலவும் இருக்கும் அவ்வுயர்ந்த ரொட்டிக்கு 'ரொட்டி பெங்காலி' என்று பெயர்.

வங்காளத்தார் இதனைச் சுட்டு விற்றதாக யாரும் சொல்வதில்லை. பினாங்கில் இதற்குப் பேர் பெற்றவர்கள் இந்திய முஸ்லிம்கள். 1928இல் 'பிரிட்டிஷ் மலாயா' என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற ரொட்டிச்சாலை அவர்களுடையதே. ஆகவே வங்காளம் எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுகின்றது. இதற்கு வழங்கும் கதை இனிமையானது. ரொட்டிச்சாலையில் உழைத்தவர்களே அதன் பங்குகளையும் வைத்திருந்தனர். எனவே அது 'பங்காளி ரொட்டி'. மலாய் நாவில் அது 'பெங்காலி' ஆயிற்று என்பர்.

இக்கதையை நானும் பல்லாண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன். கதையாக அன்று, சொற்பிறப்பாகவே சொன்னேன். நம் சொல்லொன்று எல்லா இனத்தாரின் தட்டிலும் இருக்கிறது என்று கேட்ட மாணவர்களின் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியே எனக்குப் போதிய சான்றாகிவிட்டது.

இப்போது ஒலியைப் பார்ப்போம். தமிழின் சொன்முதல் அகரம் மலாயில் மெலிந்து ஒலிப்பது இயல்பு. கடை என்பது 'கெடாய்' ஆனதைக் காண்க. மெல்லினத்தை அடுத்த ககரமும் இரு மொழியிலும் ஒத்தே ஒலிக்கும். இதுவரை கதைக்குத் தடையில்லை. இடர் முதலெழுத்தில் உள்ளது. பங்காளியின் பகரம் குரல்நாண் அதிராமல் பிறப்பது; 'பெங்காலி'யின் முதலொலியோ அதிர்ந்து பிறப்பது. பெட்டி, பரிசை முதலியன மலாய்க்குச் சென்றபோது அவற்றின் பகரம் அதிர்வின்றியே நின்றது. நம் எழுத்தில் இரண்டொலிக்கும் ஒரே வடிவம் இருப்பதால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழில் எழுதிப் பார்ப்பவர்க்குக் கதை உண்மை போலவே தோன்றும்! (அதிராத பகரத்தோடு அச்சொல்லைக் கூறினால் மலாயில் அது தோண்டுபவரைக் குறிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

பழகிய சொல்லின் சாயலுக்குப் பழகாத சொல் மாறுவதுண்டு. ஆகவே ஒலியொன்றே வழக்கைத் தீர்த்துவிடாது. என்னை மாற்றியவை மலாயில் வழங்கும் வேறு சில பெயர்கள். குடைமிளகாய்க்கு 'லாடா பெங்காலா' என்று பெயர். உருளைக்கிழங்கைப் பழைய மலாயில் 'ஊபி பெங்காலா' என்றனர். ஆப்பிரிக்கப் புல்லொன்று 'ரும்புட் பெங்காலா' எனப்படுகின்றது. முன்னைய இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. மூன்றில் ஒன்றுகூட வங்காளத்தில் பிறந்ததன்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1830 முதல் 1867 வரை கல்கத்தாவிலிருந்தே ஆளப்பட்டன. அரசாணையும் சரக்கும் அத்துறைமுக வழியாக வந்த காலத்தில், கடல் கடந்து வந்த புதுப்பொருளுக்கு வங்காளம் என்பது ஒரு பொது அடைமொழியாய் அமைந்தது. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரைக்கூட மலாய்ப் பேச்சுவழக்கு 'ஓராங் பெங்காலி' என்றே அழைத்தது. கோதுமை விளையாத நாட்டுக்கு வந்த ரொட்டியும் இவ்வரிசையில் எளிதாக அமர்கின்றது. பெயர் முந்தியது, பங்காளிக் கதை பிந்தியது என்பதே இன்று என் துணிபு.

இதனால் நமக்கு ஏதும் குறைந்துவிடவில்லை. அதே கடையின் பெயர்ப்பலகையில் 'கெடாய் ரொட்டி' என்றிருக்கும். ரொட்டி வடபுலத்துச் சொல். கெடாய் ஐயமின்றி நம் கடை. உள்ளே அமர்ந்தால் மேசையும், 'மெந்தேகா' எனப்படும் வெண்ணெயும் போர்த்துகீசியர் தந்த பெயர்கள். அக்கடையையே கோப்பித்தியாம் என்று சொன்னால் அதன் பின்பாதி ஹொக்கியன் சீனம். ஒரு வேளைப் பசியாறலுக்குள் இத்தனை கப்பல்கள் வந்து நிற்கின்றன. கப்பல் என்ற சொல்லையும் மலாய் நம்மிடமிருந்தே பெற்றது.

அன்று பங்காளிக் கதையை என்னிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மாணவர்கள் இன்று ஆசிரியர்களாக உள்ளனர். அவர்களுள் சிலரை இவ்வவையிலும் காண்கிறேன். அக்குறிப்பைத் திருத்திக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கதையை அழித்துவிட வேண்டா. பக்கத்தில் 'மக்கள் வழக்கு' என்று எழுதி வையுங்கள்.