கரியில் ஓடிய பஸ்



விளாத்திகுளம் பக்கம் போகும்போது கரிமூட்டம் புகைவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எடுக்கிற மரக்கரியில் ஒரு காலத்தில் பஸ்ஸே ஓடியது என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் (1939-45) பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1911-இல் மதுரையில் கம்பெனி தொடங்கியிருந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், தம் பஸ்களை நிறுத்த மனமில்லாமல் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கரிவாயுக் கருவியைத் தயாரித்தார். அவர் நம் பக்கத்துத் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சில காலம் வங்கியிலும் வேலை பார்த்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை!

கருவியின் வேலை எளிது. மூடிய அடுப்பில் குறைந்த காற்றில் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள்.

வங்கியில் ஒரு பக்கம் வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். இங்கே வரவு, பெட்ரோல் மிச்சம். பற்று? அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். மேட்டில் பஸ் திணறும். கிளம்புமுன் அடுப்பு மூட்டி, காற்று ஊதிக் காத்திருக்க வேண்டும்.

சிலிண்டருக்குள் வாயுவை இன்னும் இறுக்கி அழுத்தினால் இழந்த சக்தியில் கொஞ்சம் திரும்பும். கரிவாயு அதைத் தாங்கும். ஆனால் அக்காலப் பெட்ரோல் தாங்காது. தாறுமாறாக வெடித்து எஞ்சினைப் பழுதாக்கும். கரிக்காக மாற்றிய எஞ்சின் பெட்ரோலுக்கு ஒத்துவராது.

1908-இல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' காரிலும் இதே கணக்குதான். மட்டமான பெட்ரோலிலும் ஓடவேண்டும் என்று, உள்ளே வரும் கலவையை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக அழுத்துவதோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றைய கார்களில் சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறார்கள். அதனால் அந்த 2.9 லிட்டர் எஞ்சின் தந்தது 20 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் எந்த ஊர்ப் பெட்ரோலுக்கும் ஓடியது.

இன்னொரு பற்றும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். நம் கீழ்த்தள பார்க்கிங்கில் காரை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் டீசல் ஜெனரேட்டரா, பேட்டரியா என்று பேசப்போகிறோம். விலையை மட்டும் பார்க்காமல், புகை, சத்தம், ஆயுள், பராமரிப்பு என்று இரு பக்கமும் எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டிப் பார்த்து முடிவு செய்வோம்.