மாயாஜாலப் படங்களும் மூலக்கதை என்னும் அளவுகோலும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதியவர்களில் பலர், சமூகப் படங்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்கிவிட்டு, மாயாஜாலப் படங்களை ஓரிரு பத்திகளில் கடந்து சென்றிருக்கிறார்கள். மந்திரவாதியும் பூதமும் வரும் படம் சிறுவர்களுக்கானது என்ற எண்ணம் ஒருபுறமிருக்க, அப்படம் இதிகாசத்தைத் தொட்டிருந்தால் மூலத்தைத் திரித்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. இவ்விரு தீர்ப்புகளும் எவ்வளவு அவசரமானவை என்பதைக் காட்ட, சென்னை வடபழனியின் வாஹினி ஸ்டூடியோவில் பி. நாகிரெட்டி, சக்கரபாணி இருவரின் விஜயா நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த இரண்டு படங்களே போதும்.

முதலாவது, கே.வி. ரெட்டி இயக்கி 1951இல் வெளிவந்த 'பாதாள பைரவி'. காசி யாத்திரை செல்வோர் வழியில் தங்கும் இடந்தோறும் ஒரு கதை சொல்லப்படுவதாக மதிர சுப்பன்ன தீட்சிதர் தெலுங்கில் எழுதிய 'காசி மஜிலி கதலு' என்னும் தொகுப்பிலிருந்து இதன் கரு எடுக்கப்பட்டது. அலாவுதீன் கதையின் சாயலும் இதில் உண்டு. இளவரசியை விரும்பும் தோட்டக்காரன் மகன், தன்னைப் பலியிட அழைத்துச் செல்லும் மந்திரவாதியையே பலியிட்டு வரம் பெறுகிறான். 1952இல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இடம்பெற்ற இப்படத்தை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

கே.வி. ரெட்டியே இயக்கிய இரண்டாவது படமான 'மாயா பஜார்' (1957) இன்னும் நுட்பமான வழக்கு. அபிமன்யு பலராமரின் மகள் வத்சலாவை மணப்பதும், அதற்குக் கடோத்கஜன் துணை நிற்பதும் இதன் கதை. ஆனால் வியாச பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராட மன்னன் மகள் உத்தரையை மட்டுமே. மூலத்தில் இல்லாததைப் படம் காட்டுகிறது என்று சொல்லும் விமர்சகர், பாரதம் தென்னாட்டில் எப்படி வழங்கி வந்தது என்பதைக் கருத்தில் கொள்வதில்லை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, அபிமன்னன் சுந்தரி மாலை முதலிய கதைப்பாடல்கள், அதாவது ஊர்மக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் ராகமிட்டுப் படிக்கப் பிறர் கேட்கும் நெடும்பாட்டுகள், புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்கப்பட்டவை. வியாசர் அறியாத அல்லியும் பவளக்கொடியும் அவற்றின் வழியே வீடுதோறும் அறியப்பட்டார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி' 1934இல் வந்ததும் அந்த மரபிலிருந்துதான். ஆகவே இத்தகைய படங்களை அச்சிட்ட ஒரே நூலோடு ஒப்பிட்டுக் குறை காண்பது, பல வாய்களில் வளர்ந்த கதைக்கு ஒரே தாய் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவதாகும்.

தழுவலை நியாயமாக எடைபோட விரும்புவோர், எதை விட்டார்கள் என்று கேட்பதோடு, விட்டதனால் கிடைத்தது என்ன என்றும் கேட்க வேண்டும். 'மாயா பஜாரி'ல் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை. சூதில் நாடிழந்த அவர்களைக் காட்டாமலே, அந்த இழப்பினால் உறவினர் மனம் மாறுவதைப் படம் காட்டுகிறது: அபிமன்யுவுக்கென்று பேசிவைத்த பெண்ணை, அவன் குடும்பம் நொடித்ததும், துரியோதனன் மகனுக்குக் கொடுக்கத் துணிகிறார்கள். இது எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தெரிந்த வலி. அதைத் தீர்க்கவே மாயம் வருகிறது, வித்தை காட்டுவதற்காக அல்ல.

கடோத்கஜன் வத்சலாவின் உருவெடுத்து மணப்பெண்ணாக அமரும் பகுதியில் வத்சலாவாக வரும் சாவித்திரியின் நடிப்பைக் கூர்ந்து பார்த்தால் இந்த வகைப் படம் நடிகரிடம் எவ்வளவு கேட்கிறது என்பது விளங்கும். பிறர் வந்தால் நாணிக் குனிவதும், தனித்திருக்கும்போது அரக்கனுக்குரிய மிடுக்கோடு நிமிர்வதுமாக, ஒரே உடலில் இரண்டு ஆள்களை அவர் நொடிக்கு நொடி மாற்றிக் காட்டுகிறார். அவர் அங்கே நடிப்பது ஒரு பெண்ணை அல்ல, பெண்ணாக நடிக்கும் கடோத்கஜனை, அதாவது அவ்வேடமேற்ற எஸ்.வி. ரங்காராவை. சமூகப் படம் ஒன்றில் இதில் பாதி அமைந்திருந்தாலும் நடிப்பிலக்கணம் என்று போற்றியிருப்பார்கள்.

தந்திரக் காட்சி என்று அக்காலத்தில் அழைக்கப்பட்டவை பெரும்பாலும் கேமராவிலேயே செய்யப்பட்டன. ஓட்டத்தை நிறுத்திப் பொருளை மாற்றி வைத்து மீண்டும் ஓட்டுவதும், லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்துப் பின் சுருளைத் திருப்பி மறுபாதியில் இன்னொரு காட்சியைப் பதிவதும் அதன் அடிப்படை வழிகள். விளக்கோ கோணமோ இம்மி நகர்ந்தாலும் முழு உழைப்பும் வீணாகும். இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்த மார்கஸ் பார்ட்லி, 'மாயா பஜாரி'ன் படகுப் பாடலில் உண்டாக்கிய நிலவொளி இன்றும் பேசப்படுகிறது. மலையாள எழுத்தாளர் தகழியின் நாவலைத் தழுவி, 1965ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற 'செம்மீன்' படத்தின் கடலைப் பதிவு செய்ததும் அதே கண்தான் என்பதை, அதைக் கலையென்றும் இதைக் கேளிக்கையென்றும் பிரிப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நியாயம் என்பது எல்லாவற்றையும் புகழ்வதும் அன்று. பி. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) போன்ற பிற்காலப் படங்களில், மாயத்துக்குக் கதைக்குள் இருந்த தேவை குறைந்து, அடுத்த அதிர்ச்சி எப்போது என்ற எதிர்பார்ப்பே படத்தை இழுத்துச் செல்கிறது. ஆயினும் நட்சத்திரச் செலவைக் குறைத்துத் தந்திரக் காட்சிகளையே முதன்மையாக்கி, கொட்டகை நிறைய மக்களைக் கூட்டிய அந்தத் தொழில் துணிவுக்கு உரிய மதிப்பெண்ணைத் தந்தே தீர வேண்டும். அவருடைய குறையைக் காட்டி கே.வி. ரெட்டியின் படங்களையும் சேர்த்துத் தள்ளுவது, இரண்டையும் பாராமல் எழுதிய தீர்ப்பு.